நான்கு யன்னலுக்கு மூன்று விலை

கடந்த வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணியளவில், இந்த வீட்டின் வரலாற்றிலேயே முதல்முறையாக, ஒரே ஒருவரிடம் மட்டும் விலை கேட்டு ஒரு வேலையைக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். கூட்டத்தில் நானும் என் மனைவியும் இருந்தோம். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தபடியால் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. இதை முதலில் உனக்குத்தான் அறிவிக்கவேண்டும் என்று தோன்றியது. நீ இப்போது இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது. தபால் போகும் இடத்தில் நீ இருந்த காலத்தில் நான் உனக்கு எழுதியது ஒரே ஒரு கடிதம். அதற்கு இது எவ்வளவோ மேல்.

முற்றத்தில் முதிரைப் பலகை அடுக்கிக் கிடக்கிறது. திங்கட்கிழமை வண்டியில் வந்து இறங்கியது. அறுத்த முதிரையின் மணம் வீடு முழுவதும் நிற்கிறது. சோற்றிலும் இருக்கிறது, கந்தோருக்குக் கொண்டுபோகும் கோப்புகளிலும் இருக்கிறது. பலகையின் வெட்டுமுகத்தில் மூக்கை வைத்து நீ மணப்பாய். பிறகு வைத்தியர் மாதிரி முகத்தைத் தூக்கி, "இது இன்னும் காட்டிலைதான் நிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு கிடக்குது" என்பாய். நானும் குனிந்து மணந்து பார்த்தேன். திங்கட்கிழமை வந்த பலகையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நாம் ஒரே வாங்கில் இருந்தோம். அதற்குப் பிறகு நீ உளியைப் பிடித்தாய், நான் பேனையைப் பிடித்தேன். இருபது வருஷம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே மாதத்தில் இந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்து இறங்கினோம். எனக்குக் கிடைத்தது மத்தியதர வகுப்புக் காணி, உனக்குக் கிடைத்தது விவசாயக் காணி. இரண்டுக்கும் ஒரே வாய்க்கால்தான் தண்ணீர் தந்தது, அல்லது தராமல் விட்டது. அந்த விடயத்தில் அரசாங்கம் வகுப்பு வேற்றுமை காட்டவில்லை.

வீட்டோடு வந்த யன்னல்கள் நான்கையும் கறையான் தின்றது உனக்கு நினைவிருக்கும். கறையான் மேலே பூசிய பச்சை மையை விட்டுவிட்டு மரத்தை மட்டும் தின்றது. அதனால் தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் வீட்டில் நான்கு பச்சை யன்னல்கள் நெடுங்காலம் இருந்தன. ஒருநாள் ஒரு பூனை அவற்றில் ஒன்றின்மேல் சாய்ந்தது. பூனையும் யன்னலும் சேர்ந்து வெளியே விழுந்தன.

"அவரைக் கூப்பிட்டுச் செய்விச்சாக் காணுமே" என்று என் மனைவி உன்னைச் சொன்னார். இந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். தச்சுவேலை செய்யும் ஓடாவியைக் கூப்பிடுவார்கள், மத்தியானம் சோறு கொடுப்பார்கள், வேலை முடிந்ததும் எவ்வளவு என்று கேட்பார்கள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு "பாத்துத் தாங்கோ" என்பார். இருவரும் பார்த்து, இருவருக்கும் வெட்கம் வராத ஒரு தொகை கைமாறும். எனக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது. எங்கள் கந்தோரில் ஒரு விளக்குமாறு வாங்குவதற்கும் மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைந்ததை ஏற்கவேண்டும். படிவங்கள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. மூன்று விலை விதி மட்டும் எந்த மொழியிலும் மாறவில்லை. உலகத்தில் நிலையானது ஒன்றாவது இருக்கட்டும் என்று நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

உன்னிடம் வந்து விலையை எழுதித் தரும்படி கேட்டேன். நீ மரம் அறுக்கும் வாளுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாய்.

"எழுத்திலையோ?"

"ஓம். விபரமா."

"மற்ற ஆக்களிட்டையும் கேக்கிறியோ?"

"ரெண்டு பேரிட்டைக் கேட்டிருக்கிறன். விதி அப்பிடி."

"நல்ல விதி, கிளாக்கர். கலியாணத்துக்கும் மூண்டு எடுத்தனியோ?"

இதை வீட்டில் சொன்னபோது குசினிக்குள் ஒரு சட்டி மூடி விழுந்தது. அவர் சிரித்ததை மறைக்க மூடியைப் போட்டாரா, மூடி தானாக விழுந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

இரண்டு நாளில் உன் கடதாசி வந்தது. பென்சிலால் எழுதிய ஒன்பது வரிகள். இரண்டு கோடை காய்ந்த முதிரை என்று முதல் வரி. நிலையும் புதிதாகப் போடவேண்டும், பழைய நிலைக்குள் கறையான் இருக்கிறது என்று இரண்டாவது. யன்னலை நிலையோடு பூட்டும் பிணைச்சல் பித்தளையில், கொழுக்கி இத்தனை, பழைய யன்னலைக் கழற்றிச் சுவரைப் பூசிவிடுவது, இப்படியே ஒன்பது வரை. ஓமந்தையிலிருந்து ஒருவர் மூன்று வரி எழுதியிருந்தார். புளியங்குளத்திலிருந்து வந்த கடதாசியில் ஒரே ஒரு வரி: "யன்னல் நாலு, எல்லாம் அடங்கலாக", அதற்குக் கீழே ஒரு தொகை.

நான் தாளில் கோடு கிழித்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஒன்பது வரி எழுதுகிறவன் ஒன்பது இடத்தில் காசு எடுக்கிறான் என்றும், ஒரு வரி எழுதுகிறவன் ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் என்றும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "எல்லாம்" என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நான் நிறையப் படித்தவன். சொல்லுக்குப் பொருள் இருக்கும் என்று நம்பிப் பழகிவிட்டேன். உன் முதல் வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, "மரத்தின் வயதுக்கும் காசா?" என்று ஓரத்தில் எழுதினேன். உன் விலைதான் மூன்றிலும் கூட. முப்பது வருஷச் சிநேகிதன் என்னைச் சுத்திக் காசு பறிக்கப் பார்க்கிறான் என்ற நினைப்பு வந்தது. அது என் தலையில் ஒரு பின்னேரம் முழுவதும் இருந்தது. அதை இன்றுவரை நான் யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கடிதத்தை எழுதினேன். தங்கள் விலை ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன் என்று எழுதி, முத்திரை ஒட்டித் தபாலில் போட்டேன். உன் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நான்காம் நாள் நீ கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாய்.

"தபால்காரன் பாவம் கிளாக்கர், எட்டு மைல் சுத்திச் சைக்கிள் உழக்கிக் கொண்டுவந்து தந்திட்டுப் போறான். கூப்பிட்டுச் சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

நான் கதிரையைக் காட்டினேன். நீ இருந்து, கடிதத்தை விரித்து, தூரப் பிடித்து வாசித்தாய்.

"வருத்தத்துடன் எண்டு போட்டிருக்கு. மெய்யே?"

"அது வழமையாப் போடுறது."

"அப்ப வருத்தம் இல்லை."

நான் தேநீரை உன் பக்கம் நகர்த்தினேன். நீ தேநீரைக் குடித்துவிட்டு, கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாய்.

புளியங்குளத்து யன்னல்கள் கோடையில் வந்தன. பார்க்க நன்றாக இருந்தன. நிலை, பிணைச்சல், கொழுக்கி, மை, பூச்சு ஒன்றும் "எல்லாம்" என்பதற்குள் இல்லை என்று பிறகு தெரிந்தது. அவற்றை ஒவ்வொன்றாக வாங்கினேன். ஐப்பசியில் மழை தொடங்கியதும் யன்னல்கள் உப்பின. மூடியிருந்த இரண்டு திறக்க மறுத்தன, திறந்திருந்த இரண்டு மூட மறுத்தன. சாரல் கட்டில்வரை வந்தது. என் மனைவி சாக்கு அடைத்தார். நான் தோளால் தள்ளினேன்.

மூன்றாம் நாள் நீ சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, சீவுளியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாய்.

"நீ யன்னலோடை மல்லுக்கட்டுற சத்தம் வாய்க்காலுக்கு அங்காலையும் கேக்குது. என்ரை மாடு வெருளுது."

நான்கையும் கழற்றி, சீவி, திரும்பப் பூட்டினாய். மணந்தும் பார்த்தாய், ஆனால் காட்டைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் காசை நீட்டினேன்.

"மூண்டு கொட்டேசன் எடுத்தனியோ?"

"இல்லை."

"எடுக்காமக் காசு குடுத்தா, கணக்குப் பாக்க வாற ஓடிற்றிலை பிடிப்பாங்கள். வை உள்ளுக்கை."

அடுத்த மாரிக்கும் வந்தாய். அதற்கடுத்த மாரிக்கும் வந்தாய். முதல் மழை பெய்து மூன்றாம் நாள் என்பது எங்கள் வீட்டில் ஒரு விசேஷ நாள் மாதிரி ஆகிவிட்டது. என் மனைவி காலையிலேயே உழுந்து ஊறப்போடுவார். மாரிக்குச் சீவிய யன்னல் கோடையில் சுருங்கி இடைவெளி விட்டது. அதற்கு நீ சட்டம் அறைந்தாய். "இப்பிடியே சீவிக்கொண்டு போனா ஒருநாள் யன்னல் இராது கிளாக்கர், காத்துத்தான் இருக்கும்" என்றாய் ஒரு வருஷம். ஒவ்வொரு முறையும் நான் ஒன்றைச் சொல்லவேண்டும் என்று நினைப்பேன். நீ வடையைத் தின்று முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். தின்று முடிந்ததும் நீ எழுந்து போய்விடுவாய். எட்டு மாரி இப்படிப் போயின. மேசையில் கிடக்கும் கடிதத்துக்கு நாளைக்குப் பதில் எழுதலாம் என்று தள்ளிவைப்பது எங்கள் தொழிலில் பாவம் இல்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

இந்த வருஷம் ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. கந்தோர் முடியப் பார்க்கப் போகலாம் என்று இருந்தேன். அதற்குள் ஆள் வந்து சொல்லிவிட்டது. செத்த வீட்டில் உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவர்கள் ஏதாவது கடதாசியைக் கண்டார்களோ என்று நான் கேட்கவில்லை.

இந்த யன்னல்கள் இனி ஆகாது என்று போன மாதம் துணுக்காயிலிருந்து ஒரு ஓடாவியைக் கூப்பிட்டேன். அவரும் ஒரு வரிதான் எழுதினார். அது நியாயமான விலையா என்று பார்க்கப் பழைய கோப்பை எடுத்தேன். உன் கடதாசி அடியில் இருந்தது. பென்சில் அழியவில்லை. ஒன்பதாவது வரியை அன்றுதான் ஒழுங்காக வாசித்தேன்: "முதல் மூன்று மாரிக்கும் வந்து சீவித் தருவது. காசு போடவில்லை." அதன் ஓரத்தில் என் சிவப்புப் பென்சில்: "விளக்கம் தேவை."

விளக்கம் கேட்டு நான் உனக்கு எழுதியதில்லை.

புளியங்குளத்துத் தொகையோடு நான் பிறகு வாங்கிய எல்லாவற்றின் விலையையும் கூட்டி, உன் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். விடையை எழுதாமல் பென்சிலை வைத்தேன். அதற்கு முதலே எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை துணுக்காய்க்காரர் வந்தபோது, உன் கடதாசியைப் பார்த்து ஒன்பது கேள்வி கேட்டேன். நிலை அடங்குமோ, பிணைச்சல் எதில், பூச்சு ஆர் செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். நானே அவருடைய கடதாசியில் எழுதிக்கொண்டேன். பலகை இரண்டு கோடை காயவேண்டும் என்றதும் கொஞ்சம் யோசித்தார்.

"அவ்வளவு காலம் ஒருதரும் பொறுக்கிறேல்லை ஐயா. நீங்கள் பொறுத்தா எனக்கென்ன."

"மாரிக்கு வந்து சீவித் தருவியளோ?"

"என்னத்தை?"

"யன்னல் உப்பினா, மழைக்கை வந்து."

அவர் என்னைப் பார்த்தார். "அப்பிடி ஒருதரும் வாறேல்லையே ஐயா."

"ஓம்" என்றேன்.

வராததற்கு அவர் காசு போடவில்லை. ஆகவே விலை நியாயமானது என்று முடிவுசெய்து அங்கேயே சம்மதம் சொன்னேன். வேறு யாரிடமும் கேட்கவில்லை. உன் கடதாசியை இப்போது கோப்பில் வைப்பதில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நேற்று முன்தினம் அயல்காணிக்காரர் தன் வீட்டுக்குக் கதவு போட விலை கேட்டிருப்பதாகச் சொன்னார். எடுத்து ஒன்பதையும் வாசித்துக் காட்டினேன். கடைசி வரி விளங்கவில்லை என்றார்.

மழை ஞாயிற்றுக்கிழமை தொடங்கிவிட்டது. இன்று காலை என் மனைவி உழுந்தை ஊறப்போட்டுவிட்டு, பிறகு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பலகைக்கு மேல் தென்னோலைக் கிடுகு போட்டிருக்கிறேன். அது காய இன்னும் இரண்டு கோடை இருக்கிறது. தெற்குப் பக்க யன்னல் மூட மறுக்கிறது.