நான் தள்ளவில்லை, மாஸ்டர்

மாஸ்டர்,

நான் உங்களைத் தள்ளி விழுத்தினேன் என்று சொல்கிறார்கள். அது பொய். தள்ளியவர் நீங்கள். நான் விலகினேன்.

இன்று தோர்ண்டன் ஹீத் கடையில் எனக்கு முன்னால் நின்ற கிழவரிடமிருந்து நோவெண்ணெய் மணத்தது. வகுப்புக்கு முன் நீங்கள் முழங்காலில் பூசும் அதே எண்ணெய். ஒரு கணம் முதுகை நிமிர்த்தி, தோளைத் தளர்த்திவிட்டேன். அப்போதுதான் நம் வகுப்புக்கு வரும் பெண் கருவேப்பிலையும் கையுமாக வந்தாள்.

"அன்ரி, மாஸ்டரை நீங்கள்தான் விழுத்தினதாமே?"

"நீர் அண்டைக்கு அங்கதானே நிண்டனீர். கண்ணை எங்க வைச்சிருந்தனீர்?"

"போனில, அன்ரி."

இவர்கள்தான் சாட்சிகள்.

சீனாவில் வெற்றி மேடைகள் ஏறியவர், அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் நீங்கள். லண்டனில் பல வருடம் உணவகச் சமையலறையில் நின்று முழங்காலைத் தொலைத்தீர்கள். கடைசியில் சட்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில், எங்களைப் போன்ற பென்ஷன்காரருக்குத் தாய்ச்சி என்ற உங்கள் தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்த இறக்கத்துக்கான தண்டனையை எங்களுக்குத் தந்தீர்கள். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக. நான் உங்கள் ஆங்கிலத்தைத் திருத்தினேன் அல்லவா?

"கன்னியாஸ்திரி மாதிரி நிற்கிறாய்" என்பீர்கள். கான்வென்டில் அப்படித்தான் நிற்கப் பழக்கினார்கள் என்றேன். ஒருநாள் எல்லோர் முன்னாலும் என் தோளில் விரலால் குத்தினீர்கள். "புருஷன் செத்துவிட்டான். இன்னும் யாரை இங்கே சுமக்கிறாய்?" வகுப்பே சிரித்தது. நான் அழவில்லை. அடுத்த வாரமும் நேரத்துக்கு வந்தேன். அது உங்களுக்குப் பிடிக்கவில்லை.

சரியாகச் செய்தவருக்கு உங்கள் மொழியில் "துவெய்" என்பீர்கள். சரி என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்காக வளர்ந்த மனிதர்கள் குழந்தைகள்போலக் காத்திருந்தார்கள். எனக்கு அது கிடைத்ததே இல்லை.

அன்று, இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்து, ஒருவர் தள்ள மற்றவர் விலகும் பயிற்சி. என்னை அழைத்தீர்கள். தொட்டவுடனே தெரிந்துவிட்டது, உங்கள் இடது காலில் உறுதி இல்லை. கண்ணுக்கு மறைத்ததைக் கைக்கு மறைக்க உங்களால் முடியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் உங்களுக்குத் தெரிந்தது. அதனால்தான் அத்தனை வேகமாகத் தள்ளினீர்கள்.

"வருவதை வரவிடு. அது வந்து சேரும் இடத்தில் நீ இருக்காதே." நீங்கள் சொன்னதுதான். நான் இருக்கவில்லை. நீங்கள் விழுந்தீர்கள்.

தாங்கிப் பிடித்திருக்கலாமே என்கிறார்கள். பிடித்திருந்தால், "பார், இன்னும் சுமக்கிறாள்" என்று அதையும் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பீர்கள்.

உங்கள் மகள் ஓடிவந்து தலைமாட்டில் நின்றாள். நான் குனிந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து, வகுப்புக்குக் கேட்காதபடி மெல்ல "துவெய்" என்றீர்கள். பிறகு தலையைத் தூக்கி, வகுப்புக்குக் கேட்க ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: "தள்ளிவிட்டாள். வெறும் முரட்டுப் பலம்."

உங்கள் கலையில் அதைவிடக் கேவலமான பேச்சு இல்லை. பலத்தால் வெல்பவர் எதையும் கற்காதவர். வெறும் காற்றைத் தள்ளி விழுந்தேன் என்று ஒத்துக்கொள்வதைவிட, என்னை மாடாக்குவது உங்களுக்குச் சுலபமாக இருந்தது. அதன்பின் நீங்கள் வகுப்புக்கு வரவில்லை. மாரிக் குளிரில் உங்கள் இதயம் நின்றது. ஊர் வாய்க்கு நான் கொலைகாரி.

அடுத்த மாதம் உங்கள் நினைவாக மாணவர்கள் வரிசையில் நின்று தாய்ச்சி செய்யப்போகிறார்கள். உங்கள் மகள் எனக்குக் கதிரை போட்டு வைப்பாளாம். "நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், அன்ரி." உங்கள் சாயல்தான், ஆனால் சிரித்துக்கொண்டே அடிக்கிறாள்.

நான் உட்காரமாட்டேன். குசினியில் கேத்தில் தண்ணீர் கொதிக்கும்வரை தினமும் பயிற்சி செய்கிறேன். தோள் இறங்கிவிட்டது. அதில் இப்போது ஒருவரும் இல்லை, என் கணவர்கூட. அதை உங்களுக்கு நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் என்னுடையது. அதை யாருக்கும் விட்டுத்தரமாட்டேன்.

உங்களால் இனிப் பதில் எழுத முடியாது. ஆகவே இதையே ஆங்கிலத்தில் எழுதி உங்கள் மகளுக்கும் அனுப்புகிறேன். அன்று அவள் உங்கள் தலைமாட்டில்தானே நின்றாள். எனக்குக் கேட்டது அவளுக்கும் கேட்டிருக்கும்.

மகளே, அப்பா முதலில் சொன்ன சொல் என்ன? போனில் வேண்டாம். எழுத்தில் பதில் தரவும்.