தலை இருக்கிறதா?

வியாழனின் நிலவு யூரோப்பா, பனிக்கு அடியில் உள்ள நிலையம்.
பதிவு: ஜெசிந்தா மோத்தா, கடலுயிர் ஆய்வாளர். நிலையத்தில் வேறு ஆளில்லை.

நாள் 212, காலை
அழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. வெளியேறும் துளையைச் சுற்றிப் பனியில் புதிதாக ஓட்டுயிர்கள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓடு. தூத்துக்குடிக்காரிக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு ஓடு என்றால் சங்கு, இரண்டு என்றால் மட்டி. மட்டி வகுப்பு, தலை கிடையாது என்று பூமிக்கு அனுப்பிவிட்டேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: கப்பலிலிருந்து சூடு பாய்ச்சித் துளையை உருக்கினால்தான் நான் வீடு திரும்ப முடியும். உருக்கினால் இவை வெந்துபோகும். தலையில்லா உயிர் என்றால் உருக்கலாம், தலையுள்ளது என்றால் கூடாது. விதி அப்படி.

நாள் 212, மாலை
மேலே சுற்றும் கப்பலை ஓட்டுகிற கிளாடிஸ் பேசினாள். எங்கள் ஊர்க்காரி.
"மட்டின்னு பூமியில ஒத்துக்கிட்டாவ. நாளைக்குச் சூட்டைப் போடுதேன். இதை விட்டா கப்பல் திரும்பி வர வருசக்கணக்காவும், பாத்துக்க."
எனக்கு வாயெல்லாம் பல். பார்க்கத்தான் யாரும் இல்லை. இங்கே ஆறு மாதத்துக்குத்தான் உணவு இருக்கிறது.

நாள் 213, காலை
சும்மா இருக்க முடியாமல் கேமராவை அருகில் கொண்டுபோனேன். ஒன்று ஓட்டைத் திறந்தது. உள்ளே கைகள். நடுவே தலை. இரண்டு கண். விளக்கை இடப்பக்கம் நகர்த்தினேன், கண்களும் நகர்ந்தன.

மட்டி இல்லை, கணவாய் வகுப்பு. கணவாய்க்கு ஓடு உள்ளே இருக்கும், இதற்கு வெளியே. ஓடுகளை எண்ணி வகுப்புச் சொல்லக் கூடாது என்று நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

நாள் 213, நண்பகல்
கிளாடிஸிடம் சொல்லிவிட்டேன்.
"ஏளா, நல்லாப் பாத்தியா?"
பார்த்தேன் என்றேன்.
"சூட்டை நிறுத்திட்டேன். கப்பலை நிறுத்த முடியாதுளா. என்னை மன்னிச்சி..."
அதோடு தொடர்பு அறுந்தது. அழுதேன். பிறகு அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துணைக்கு ஆள் இருப்பது போல இருந்தது.

நாள் 215
கேமராவில் பனி மட்டும். ஒன்றுகூட இல்லை. எல்லாம் ராவோடு ராவாகக் கிளம்பிவிட்டன.

மட்டி என்றால் ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். கணவாய் இனம் ஓரிடத்தில் தங்காது. இதுவும் நான் எடுத்த பாடம்தான். மூன்று நாள் முன்னாலேயே சரியாகப் பார்த்து, விளக்கைக் காட்டி விரட்டியிருந்தால்கூடப் போயிருக்கும்.

கிளாடிஸ், துளை காலி. உருக்கலாம்.
கிளாடிஸ்.
யாராவது