நீ குடிக்கலைண்ணே

எங்க வீட்டு மூத்த பிள்ளை, என் இசக்கி அண்ணனுக்கு,

நீ எங்கன இருக்கேன்னு தெரியாமலேதான் எழுதுதேன். நல்லா இருக்கியான்னு கேக்க வாய் வரமாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குண்ணே. வீட்டில் இதைச் சொன்னால் அம்மா இடிந்துபோவாள். வேறு யாரிடம் போவேன்?

உனக்கு வந்த மஞ்சள் எனக்கும் வந்துவிட்டது.

ஆனி மாதக் கடைசி. நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பொண்ணு ஒரு சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் நின்ற என் முகமும் அதில் தெரிந்தது. கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இல்லை. கடை விளக்காகத்தான் இருக்கும் என்று வாசலுக்கு ஓடி, நின்றிருந்த ஒரு பைக்கின் கண்ணாடியில் பார்த்தேன். வெயிலில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அங்கனயே வாசப்படியில உக்காந்துட்டேன்.

எனக்கு இருபத்து மூணு ஆச்சு. நீ போகும்போது உனக்கு இருபத்திரண்டு.

உனக்கு எப்படி ஆரம்பித்தது என்பது எனக்கு மறக்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் பைக் பட்டறையில் நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தவன் நீ. பைய உன் கை நடுங்க ஆரம்பித்தது. ஸ்பேனர் நழுவி விழுந்தது. பேச்சு குழறியது. "ஏலே, காலையிலேயே ஊத்திக்கிட்டு வாரியா?" என்று முதலாளி உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அப்பா அப்போது குடித்துக்கொண்டிருந்த காலம். அதனால் நீயும் குடிக்கிறாய் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நீ வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அப்பளம் தேய்த்த கையோடு எழுந்துவந்து, "ஊதுலே" என்பாள். வாசனை ஒன்றும் வராது. அதற்கும், "என்னத்தையோ மென்னுட்டு வந்திருக்கான்" என்பாள். "நான் தொட்டதுகூட இல்லம்மா" என்று நீ சொல்வாய். சொல்லும்போதே நாக்குக் குழறும். யார் நம்புவார்கள்?

பிறகு கண் மஞ்சளாயிற்று. வயிறு வீங்கிற்று. ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை வருசமா குடிக்கான்?" என்பதுதான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் யாரும் எதையும் தேடவில்லை. தேடுவதற்குள் நீ போய்விட்டாய். துட்டி கேட்க வந்தவர்கள், "குடிச்சே செத்தான்" என்று எங்கள் காதுபடவே பேசினார்கள். அப்பா அன்றோடு குடியை விட்டார். இன்றுவரை தொடவில்லை.

என் கண் மஞ்சளானபோது அப்படிச் சொல்ல ஆளில்லை. "ஆத்துல புதுத்தண்ணி வந்த நேரம். தண்ணியாலதான் இருக்கும், பயப்படாதம்மா" என்றார் பக்கத்து டாக்டர். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வரும் கிருமி இல்லை. ரத்தத்திலும் ஊசியிலும் பரவும் கிருமியும் இல்லை. அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் மஞ்சள் தானே இறங்கிற்று. ஈரல் வீக்கம் மட்டும் இறங்கவே இல்லை. அதனால் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு டாக்டரம்மா. முதலில் கீழாநெல்லியை நிறுத்தச் சொன்னார்கள். "இந்த வயசுல ஈரல் வீங்குறதுக்கு நிறையக் காரணம் இருக்கும்மா. ஒண்ணொண்ணா கழிச்சுக்கிட்டே வருவோம்" என்று சொல்லிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். குடிப்பழக்கம் உண்டா? உடம்பு இளைக்க ஏதாவது மருந்து, பவுடர்? டிபி மாத்திரை? கீழாநெல்லி தவிர வேறு நாட்டு மருந்து? பச்சை குத்தியிருக்கியா? காய்ச்சல் மாத்திரையை அளவில்லாமல் போட்டாயா? நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு 'இல்லை'க்கும் அவர்கள் தாளில் ஒரு கோடு போட்டார்கள். ஸ்கேனில் ஈரலில் கொழுப்பும் பெரிதாக இல்லை. சில பேருக்கு உடம்பே தன் ஈரலை எதிரியாக நினைத்துத் தாக்குமாம். அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். அதுவும் இல்லை. அப்போ எதுதான்?

அடுத்த முறை போனபோது, "வீட்டுல வேற யாருக்காவது ஈரல் கோளாறு இருந்துச்சா?" என்று கேட்டார்கள்.

அம்மா சுவரைப் பார்த்தாள். அப்பாதான் பேசினார். "எம் மவன் ஒருத்தன் போயிட்டான், டாக்டர். குடிச்சு."

"அவன் கை நடுங்கும்" என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. "பேச்சும் குழறும். ஆனா ஒருநாளும் வாசம் வந்ததில்ல."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்கள். "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"எங்க தாய்மாமாவைத்தான் கட்டிக்கிட்டேன்" என்றாள் அம்மா.

உடனே கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஒரு கருவியில் நாடியை ஊன்றி முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கருவிழியைச் சுற்றி ஓரத்தில் பழுப்பும் பொன்னுமாக ஒரு வளையம் இருக்கிறதாம். அது செம்புண்ணே. நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் துளித் துளியாகச் செம்பு இருக்குமாம். மிஞ்சியதை ஈரல் வெளியே தள்ளிவிட வேண்டும். என் ஈரல் அதைத் தள்ளவில்லை. ஈரலில் சேர்ந்து, அதைப் புண்ணாக்கி, பிறகு மூளைக்கும் கண்ணுக்கும் போகுமாம். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுத்தேன். அதிலும் செம்பு கூடுதல். வில்சன் நோய் என்று பெயர் சொன்னார்கள். அப்பா வழியில் பாதி, அம்மா வழியில் பாதி வந்து சேர்ந்தால் வருவதாம். சொந்தத்துக்குள் கட்டினால் அப்படிச் சேர வாய்ப்புக் கூடுதலாம்.

"அப்போ எம் மவனுக்கு?" என்று அப்பா கேட்டார்.

"அவரைச் சோதிச்சுப் பார்க்கலையே, நூத்துக்கு நூறு நான் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா இதுவாத்தான் இருக்கும். கை நடுக்கம், குழறல் எல்லாம் இதோட அடையாளம்தான்."

அப்பா எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். வராண்டாவில் சுவரோரம் குத்தவைத்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். "என்னைப் பாத்துத்தான் கெட்டுப்போனான்னு நெனச்சேன், தாயி. நான்தான் அவனைக் கொன்னேன்னு நெனச்சேன்." இத்தனை வருசமும் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டா ரைஸ் மில் வேலைக்குப் போய்வந்தார்? நமக்குத் தெரியலையேண்ணே.

மறுநாளே அம்பாசமுத்திரம் போய், "எம் மவன் குடிக்கல, வே" என்று உன் முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.  முதலாளி ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாராம். அப்பா உட்காராமல் வந்துவிட்டார்.

அம்மாதான் தேறவில்லை. செம்பு கூடுதலாக இருப்பதால் நான் தொடக்கூடாத சாப்பாட்டைச் சொன்னார்கள். ஆட்டு ஈரல், முந்திரி, காளான், சாக்லேட். ஈரல் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா முகம் செத்துப்போயிற்று. உனக்குத் தெம்பு வரட்டும் என்று வாரா வாரம் ஈரல் வாங்கி மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தவள் அல்லவா? "அதனால அவர் போகலம்மா, வைத்தியம் இல்லாமத்தான் போனார்" என்று டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அம்மா காதில் அது விழுந்ததா?

எனக்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். வெறும் வயிற்றில், ஆயுசு முழுக்க. சீக்கிரமே கண்டுபிடித்ததால் ஈரல் தேறும் என்கிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் சில பேருக்கு நடுக்கம் புதிதாக வருமாம், இருக்கிற நடுக்கம் கூடவும் செய்யுமாம், கவனமாக இருக்கணும் என்றும் சொன்னார்கள். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் ரெண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்க்கிறேன். விரல் அசைந்தால் அது நோயா, என் பயமா என்று புரியவில்லை. கடையில் சேலை மடிப்புக் கலைந்தாலும் திக்கென்கிறது. பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு சொல் தடுக்கினால் அம்மா சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள்.

வள்ளியூர் மாமா மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு இப்போது நின்றுவிட்டது. யார் நிறுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை.

நீயும் இப்படித்தான் பயந்தாயாண்ணே? கையை உதறிப் பார்த்தாயா? உன் பயத்தைச் சொல்லவும் உனக்கு ஆளில்லை. சொன்னாலும் குடிகாரன் பேச்சு என்றிருப்பார்கள். அதை நினைக்கும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்கப் போகணும். என்ன வருமோ தெரியவில்லை.  ஆனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒரு வேளை மாத்திரையும் விடமாட்டேன். எங்கேயாவது ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ காரணம் தெரியாமல் கண் மஞ்சளானது என்று காதில் விழுந்தால், நானே நேரில் போய் உன் கதையைச் சொல்வேன். பயந்துகிட்டேதான் போவேண்ணே. ஆனா போவேன்.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
செல்வி
கல்லிடைக்குறிச்சி