முப்பத்து நான்காவது அனுமதி

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் வழக்கம்போல ஆறாம் மெஷினுக்கான அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். வேறு வேலை இல்லாததால் கோப்பை எடுத்து எண்ணிப் பார்த்தேன். இது முப்பத்து நான்காவது.

பிற்காலத்தில் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டுமே. நான் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஆறாம் மெஷின் அட்டையை வெட்டுவது. அதன் கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். கதவு தொய்ந்துபோய், மூடியிருந்தாலும் திறந்திருப்பதாக நினைத்து மெஷின் நின்று நின்று உயிரை வாங்கியது. அதனால் சென்சார் மேல் ஒரு காந்தத்தை ஒட்டினார்கள். இப்போது கதவு விரியத் திறந்து கிடந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நம்புகிறது. விசுவாசம் என்றால் அதுதான்.

புதுக் கதவு வரும்வரை, மூன்றே நாட்களுக்கு என்று ஜனவரியில் நான் தற்காலிக அனுமதி கொடுத்தேன். அப்புறம் வாராவாரம். கதவு எங்கே என்று மேலாளரைக் கேட்டால் "அடுத்த வாரம் வந்துடும்" என்பார். தொழிலாளிகள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'அடுத்த வாரம்'தான்.

நேற்று பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பை மூன்று ஞாயிறு நான் எடுக்க வேண்டுமாம். தலைப்பு: கடவுள் நல்லவர் என்றால் தீமை எங்கிருந்து வந்தது? "நீங்க காரணம் கண்டுபிடிக்கிறதையே தொழிலா வெச்சிருக்கீங்க பிரதர், உங்களவிட்டா யாரு?" என்றார். உச்சி குளிர்ந்துவிட்டது.

மனைவியிடம் சொன்னேன். "வீட்டுல பால் பொங்கினதுக்கே காரணம் நான்தான்னு கண்டுபிடிச்சவராச்சே" என்றாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பாஸ்டர் கொடுத்த நகல் தாள்களைப் படித்தேன். தீமைக்குக் கடவுள் பொறுப்பல்ல என்பதற்கு ஐந்து பதில்கள். முதலாவது சுயசித்தம். கடவுள் மனிதனுக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கொடுத்தார், மனிதன் தப்பாகத் தேர்ந்தெடுத்தான், ஆகவே தீமை. அவர் அனுமதித்தார், ஆனால் காரணர் அல்ல.

எவ்வளவு தெளிவு! எங்கள் விபத்து அறிக்கையிலும் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பதினோரு வருடத்தில் நாற்பத்தொரு அறிக்கை எழுதியிருக்கிறேன். முப்பத்தெட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு'. மீதி மூன்றில் 'மழை'. நிர்வாகம் ஒரு தடவைகூடக் காரணமாக இருந்ததில்லை. வேதசாஸ்திரம் படிக்காமலே இத்தனை வருடம் வேதசாஸ்திரிதான் நான்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆறாம் மெஷின். இரண்டு விரல்கள். இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

செப்டம்பர் 6, வெள்ளி

பதினொரு மணி சுமாருக்கு அட்டை சிக்கியது. அதை ஓட்டுகிற பெண் கதவைத் திறந்து கையைவிட்டு இழுத்தாள். எல்லோரும் அப்படித்தான் இழுப்பார்கள், திறந்தால் நின்றுவிடும் என்பதுதானே பழக்கம். அவள் ஐந்தாம் மெஷினிலிருந்து இங்கே மாறி நான்கு நாள்தான் ஆகிறது. காந்தத்தைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

'யாரும்' என்று எழுதுகிறேன் பார். அதைச் சொல்ல வேண்டியவன் யார்?

மேலாளர் 'அடுத்த வாரம்' ஓடி வந்தார். முதல் கேள்வி, "காந்தத்த எடுத்தாச்சா?" இரண்டாவது, "அவ ஏன்யா கைய விட்டா?" எந்த ஆஸ்பத்திரி என்பது நான்காவதோ ஐந்தாவதோ. மாலைக்குள் அறிக்கை வேண்டும் என்றார். எழுதினேன். காயம்: வலது கை, இரு விரல்கள். காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. கை தானாகவே எழுதிவிட்டது, பதினோரு வருடப் பழக்கம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

முதல் வகுப்பு. இருபது பேர். நன்றாகவே பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தோட்டம், மரம், மனிதனின் சுயசித்தம். எல்லோரும் தலையாட்டினார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மட்டும் ஆட்டவில்லை.

"அந்த மரத்த நட்டது யாரு?"

"தேவன்தான்."

"தோட்டத்துக்கு நடுவுல. கைக்கு எட்டுற மாதிரி. சுத்தி ஒரு வேலிகூட கிடையாது. சரியா?"

"வாத்தியாரே, அவர் அனுமதிச்சார். காரணர் அல்ல."

"அனுமதி எழுத்துல இருந்துச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கடைசியில் பாஸ்டர் ஜெபித்தார். அந்தப் பெண்ணும் எங்கள் சபைதான். "எங்கள் சகோதரிக்கு நேர்ந்ததை நீர் நன்மைக்காகவே அனுமதித்தீர் ஆண்டவரே" என்றார். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு கையில் பழம், இன்னொரு கையில் 'அடுத்த வாரம்' கொடுத்தனுப்பிய தாள். 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று அவள் ஒப்புக்கொள்கிற வாக்குமூலம். வெறும் சம்பிரதாயம் என்றார் அவர்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொன்னாள்: "என் தப்புதான் சார். நின்னுடுச்சான்னு ஒரு நிமிஷம் பாத்திருக்கணும். அவசரப்பட்டுட்டேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

இடது கைப் பெருவிரலால் ரேகை வைத்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஆண்டவர் அனுமதிச்சிருக்கார்னா அதுல ஒரு நோக்கம் இருக்கும்மா" என்றேன்.

"என்ன நோக்கம் சார்?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "போகப் போகத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். 'அடுத்த வாரம்' பேசுகிற மாதிரியே இருந்தது என் குரல்.

செப்டம்பர் 13, வெள்ளி

புதன்கிழமை விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வருகிறார். வாக்குமூலமும் அறிக்கையும் ஒத்துப்போவதால் பத்து நிமிட வேலைதானாம். அப்புறம் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். கவனமில்லாதவளை மெஷின் பக்கம் விட முடியாது, பாதுகாப்பு முக்கியம் என்கிறார் 'அடுத்த வாரம்'. சொல்லும்போது ஒரு தரம்கூடக் கண்ணைச் சிமிட்டவில்லை.

சம்பிரதாயம் என்றாரே!

மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அந்தச் சீட்டுல கையெழுத்து போட்டது யாரு?"

"நான் அனுமதி மட்டும்தான் கொடுத்தேன். ஓட்டச் சொன்னது மேலாளர். கைய விட்டது அவ."

"ஓஹோ. அப்ப நீங்க யாரு, கடவுளா?"

திரும்ப மடிக்க ஆரம்பித்துவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போய்ப் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டாம் வகுப்பு. இன்றைய பதில்: தீமை என்று தனியாக ஒன்றும் இல்லை, நன்மை இல்லாத இடத்துக்குத்தான் அந்தப் பெயர். இருட்டு என்பது வெளிச்சம் இல்லாமை. ஆகவே கடவுள் தீமையைப் படைக்கவே இல்லை. அருமையான வாதம். வெள்ளிக்கிழமை வரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பாதியில் அவள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வெள்ளைக்கட்டுப் போட்ட கை மடியில் இருந்தது. 'ஒரு பொருள் இல்லாமைதான்' என்று சொல்லவந்தவன் வாயை மூடிக்கொண்டேன். எதைச் சொன்னாலும் அந்தக் கையைச் சொல்வதாகவே இருந்தது. சபை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

"ஒண்ணு கேக்கலாமா சார்?" என்றாள். "இப்படி நடக்கும்னு அவருக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா. அவருக்குத் தெரியாதது எதுவும் இல்ல."

"தடுத்திருக்க முடியுமா?"

"முடியும்."

"ஆனா தடுக்கல."

"அவருடைய வழிகள் நமக்கு..."

"இல்ல சார், எனக்கு அவர்மேல கோவம் இல்ல. சும்மா கேக்கறேன். இதையே ஒரு மனுஷன் செஞ்சிருந்தா நாம அவன என்ன சொல்லுவோம்?"

பாஸ்டர் சட்டென்று எழுந்து "ஜெபிப்போம்" என்றார். அவர் இவ்வளவு சரியான நேரத்தில் ஜெபித்து நான் பார்த்ததே இல்லை.

அவளுக்குக் காந்தத்தைப் பற்றி இன்னும் தெரியாது. அவள் கேட்டது கடவுளைப் பற்றித்தான். சத்தியமாகக் கடவுளைப் பற்றித்தான்.

செப்டம்பர் 16, திங்கள்

மேஜைமேல் முப்பத்தைந்தாவது சீட்டு வந்து கிடந்தது. ஆம். இவ்வளவு நடந்த பிறகும். விபத்திலிருந்து நிறுத்திவைத்திருந்த மெஷினைப் புது ஆளைப் போட்டு மத்தியானம் ஓட்ட வேண்டுமாம். கதவு? அடுத்த வாரம். கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் தைரியம் வரவில்லை. பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். சீட்டு இல்லாததால் மெஷின் ஓடவில்லை. இவ்வளவுதானா! ஜனவரியிலிருந்து இவ்வளவுதானா தேவைப்பட்டது!

மூன்றாவது வகுப்புக்காக வேதத்தைப் புரட்டினேன். தீர்க்கதரிசி ஒருவர் எழுதிய ஓரிடம். வெளிச்சத்தைப் போலவே இருட்டும், சமாதானத்தைப் போலவே தீங்கும் என் வேலைதான் என்று கடவுளே சொல்கிறார். பாஸ்டரின் தாளில் இதற்கும் விளக்கம் இருக்கிறது. அங்கே தீங்கு என்றால் தீமை அல்ல, தண்டனை, பஞ்சம், போர், இத்யாதி. இருக்கலாம். எனக்கு மூலமொழி தெரியாது.

ஆனால் பகீரென்றது. நாங்கள் எல்லோரும் அவரைக் காப்பாற்ற மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறோம். சாத்தான் மேல் போடு, ஆதாம் மேல் போடு, ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடு. அவரோ யார் கேட்கவும் காத்திராமல் தன் பெயரை எழுதிவைத்திருக்கிறார். வக்காலத்து வாங்க இவரா எங்களைக் கேட்டார்? அவருக்கு வேண்டாத வக்கீல் எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

அவர் ஏன் தடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. கோபம்கூட வருகிறது, இந்த வயதில் முதல்முறையாக. ஆனால் நான் ஏன் தடுக்கவில்லை என்று நன்றாகத் தெரியும். சீட்டு மேஜையில் இருந்தது, பேனா பையில் இருந்தது, மறுத்தால் 'அடுத்த வாரம்' இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 18, புதன்

விசாரணை. முப்பத்து நான்கு சீட்டுகளையும் அந்த அம்மாள் முன்னால் வைத்தேன். வீராதிவீரன் போல ஒன்றும் இல்லை. கை தவறித் தாள்களெல்லாம் தரையில் கொட்டி, நானே குனிந்து பொறுக்கினேன். காந்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். 'காரணம்' கட்டத்தில் பழையதை அடித்துவிட்டு என் பெயரையும் பதவியையும் எழுதிக் கொடுத்தேன். கட்டம் சின்னது, இரண்டாவது பெயருக்கு இடம் பத்தவில்லை. மேலாளர் பெயரை ஓரத்தில் எழுதினேன்.

"உனக்கென்ன பைத்தியமாய்யா?" என்றார் 'அடுத்த வாரம்'.

அந்தப் பெண்ணையும் வரச்சொல்லியிருந்தார்கள். தாள்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

மூன்றாம் வகுப்பு எனக்கு இல்லை. "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க பிரதர்" என்றார் பாஸ்டர். வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்தார். தலைப்பு 'பொறுமை' என்று மாறிவிட்டது.

அக்டோபர் 8, செவ்வாய்

என்னை ஸ்டோருக்கு மாற்றிப் பத்து நாள் ஆகிறது. கையுறை, கயிறு, பசை டப்பா எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. எதற்கும் யாருக்கும் அனுமதி கொடுக்க வேண்டியதில்லை. ஆறாம் மெஷினுக்குக் கதவு வந்துவிட்டது. 'அடுத்த வாரத்தை' வேறு கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள், பதவி உயர்வோடு. உலகம் நியாயமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம்.

அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. பெட்டிகளைச் சரிபார்க்கும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். இன்று கையுறை வாங்க வந்தாள். இத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "மன்னிச்சிடும்மா" என்று மட்டும் வந்தது.

"மன்னிக்கல சார்" என்றாள். "உங்கமேல கோவமாத்தான் இருக்கேன். ஆனா ஒண்ணு. அதுவரைக்கும் என்மேலதான் கோவப்பட்டுட்டிருந்தேன். தூங்கவே இல்ல. இப்ப தூங்கறேன்."

"ஆண்டவர்மேல?" கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டேன்.

"அவரும் ஒருநாள் வந்து சொல்லட்டும். கேக்கறேன்."

கையுறையைப் போட்டுப் பார்த்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் வெறுமையாகத் தொங்கி அட்டை விளிம்பில் மாட்டும் போலிருந்தது. கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இடது கையுறையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த இரண்டு விரலை மட்டும் உள்ளே மடித்துத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். மனைவி ஊசியில் நூல் கோத்தாள். கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த ரெண்டு?"

அறிக்கையில் அதற்குக் கட்டமே கிடையாது. மோதிர விரல், சுண்டு விரல் என்று சொன்னேன்.