ஏழு பாட்டில் புயல் தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆற்று நாற்றம்தான் மூக்கை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

புயலில் ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு கெடும் என்று கணினியில் முன்கூட்டியே கணிப்பதுதானே என் வேலை? போன வாரப் புயலில் பாலத்தடியில் நின்று, மணிக்கு ஒன்றாக ஏழு பாட்டில் தண்ணீர் பிடித்தேன். பயப்படாதீர்கள், இடுப்பில் கயிறு கட்டியிருந்தார்கள். சாக்கடை அப்படியே ஆற்றில் இறங்கியிருந்தது, குமட்டிக்கொண்டு வந்தது.

சோதித்துப் பார்த்தால், ஏழிலும் அழுக்கின் அளவு வரைபடத்தில் எங்கள் கணிப்புக் கோட்டுக்கு எங்கேயோ மேலே நின்றது. மேலாளர் காபியை உறிஞ்சிக்கொண்டே, "அந்த ஏழு புள்ளியையும் தூக்கிடுங்கம்மா, கோடு அழகா வந்துடும்" என்றார்.

"புயலுக்காகத்தானே சார் இந்தக் கணிப்பே?" என்றேன்.

"வெயில் நாள் அளவு நிறைய இருக்கே, அது போதும்."

த்தூ! இந்த ஆளுக்கு அந்தச் சாக்கடையே மேல். புயல் நாளிலும் ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கலாம் என்று கீழே உள்ள ஊருக்கு அறிக்கை போய்விட்டது.

பட்டறையில் கிரீஸ் போக நீங்கள் கை தேய்ப்பீர்களே, அந்தக் கட்டி சோப்பு இரண்டு அனுப்புங்கள். இங்குள்ள சோப்பில் நுரைதான் வருகிறது. பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

அந்த ஏழு புள்ளிகளையும் அழித்த கை என்னுடையதுதான், அப்பா.