கேசட்டின் இரண்டாம் பக்கம்

இரும்புலியூர்,
14.11.1988

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி சாமுண்டீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பாப்பாவும் அத்தையும் இருக்கிறோம். நலமாக என்று சேர்த்து எழுதத்தான் கை வரவில்லை. மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதம் வந்தது. 'உன்னை நம்பிப் பேசினேன், நீ ஊரைக் கூட்டிக் கேட்க வைத்துவிட்டாய், இனி கேசட் வராது' என்று எழுதியிருந்தீர்கள். அத்தை யாரையோ பிடித்து உங்களுக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கும் கோபம்தான் மாமா. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பூவராகன் அண்ணன் அங்கிருந்து லீவில் வந்தபோது கொடுத்த கேசட்டை எப்போதும் போலத்தான் போட்டோம். முதல் பக்கம் வீட்டுக்கு. கூடத்தில் வைத்துக் கேட்டு அத்தை அழுதார்கள். இரண்டாம் பக்கம் எனக்கு. டேப் ரிக்கார்டரை உள்ளே எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உங்கள் குரல் சரியாகவே வரவில்லை. வால்யூமைக் கூட்டினேன், கிணற்றுக்குள் யாரோ முனகுவது போல இருந்தது. கடைசிவரை திருகிவிட்டுக் காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். ஜன்னல் திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

வெளியே அடிபம்பில் அத்தையும் தெருப் பெண்களும் தண்ணீருக்கு நின்றிருந்தார்கள். அம்மாவோடு உன்னால் காலம் தள்ள முடியாது, நான் வந்ததும் குரோம்பேட்டைப் பக்கம் தனி வீடு பார்க்கிறேன் என்று அதில் சொல்லியிருந்தீர்களாம். எனக்காக நீங்கள் சொன்னதைத் தெருவே கேட்டது, நான் கேட்கவில்லை. அத்தை கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்து கத்தியதுகூட எனக்குப் பாதிதான் விளங்கியது. பக்கத்து வீட்டுத் தபீதாள் அக்கா சொல்லித்தான் முழுதும் தெரிந்தது. "இன்னாடி, ஊரே கேக்கணும்னுதானே வெச்சிகினு குந்திகினு கீற? எம் புள்ளைய பிரிச்சிட்டேன்னு மைக் செட்டு கட்டி சொல்றியா?" என்றார்களாம்.

காது மந்தமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எந்நேரமும் உள்ளே இரைச்சல். அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றிப் பார்த்தேன். செவிடி என்று பெயர் வந்துவிடுமே என்ற பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை, உங்களிடம்கூட. போன கேசட்டுகளையும் அரைகுறையாகத்தான் கேட்டேன். 'நீங்கள் சொன்னபடியே செய்கிறேன்' என்று பதில் எழுதினேனே, அதெல்லாம் குத்துமதிப்பு. உடம்பும் ஊதிப்போய்க் குரல் கரகரத்துவிட்டது. பட்டப்பகலில் தூக்கம், வெயிலிலும் குளிர். ஃபாரின் காசில் உட்கார்ந்து தின்று பெருத்துவிட்டாள் என்று தெருவில் பேசினார்கள்.

தபீதாள் அக்கா நர்ஸ் அல்லவா, அவர்கள்தான் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். நான் காதைக் காட்டினேன், அவரோ என்னை எச்சில் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். தைராய்டு என்று கழுத்தில் ஒரு சுரப்பியாம். அது வேலையைக் குறைத்துக்கொண்டால் உடம்பு முழுக்க மந்தமாகுமாம், சிலருக்குக் காதையும் பிடிக்குமாம். நான் சோம்பேறி இல்லை மாமா, எனக்குள் இருக்கும் ஒரு சுரப்பிதான் சோம்பேறி. தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். முகத்து வீக்கம் இப்போது வடிகிறது. காது கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்.

அத்தை நம்பவில்லை. "வவுத்துக்கு மாத்திர தின்னா காது கேக்குமா, எல்லாம் வேசம்" என்று தபீதாள் அக்காவிடம் சொன்னார்களாம். ஆனால் விடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெந்நீர் வைத்துவிட்டுப் போகிறார்கள். தனி வீட்டுப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். இந்தக் காதை வைத்துக்கொண்டு குழந்தையோடு நான் எப்படித் தனியாக இருப்பேன்?

பாப்பாவைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு அழுகை வருகிறது. இப்போது நன்றாகப் பேசுகிறாளாம். என்னிடம் நாலு தரம் கேட்டும் பதில் வராமல் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டாள். எது வேண்டுமானாலும் நேரே அத்தையிடம் போகிறாள்.

கோபத்தை விட்டு, முதல் பக்கத்தை மட்டும் பேசி அனுப்புங்கள், அத்தை தவித்துப் போயிருக்கிறார்கள். எனக்கு எழுதுங்கள், நீளமாக. அந்தக் கேசட்டைக் கேட்டுச் சொல்லும்படி நான் யாரிடமும் கொடுக்கவில்லை. அது நீங்கள் எனக்குச் சொன்னது. பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் பொங்கலுக்கு வருவதாகப் பூவராகன் அண்ணன் சொன்னார். அங்காளம்மன் துணையிருந்து உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மீனம்பாக்கத்துக்கு நானும் பாப்பாவும் வருவோம். கூட்டத்தில் நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றால் மனம் உடைந்துபோகாதீர்கள் மாமா. மறுபடி கூப்பிடவும் வேண்டாம். என் முன்னால் வந்து நில்லுங்கள், போதும்.

என்றும் உங்கள்,
சாமுண்டீஸ்வரி