அசல் தலை

சீனப் பேரரசர் ஜியாஜிங் ஆட்சியின் 37ஆம் ஆண்டு, நான்காம் மாதம், 6

இன்றும் ஒரு துப்பாக்கிக் குழல் வெடித்தது. சிப்பாய் குவோவின் கட்டைவிரல் போயிற்று. தளபதி ஃபாங் என்னைத் திட்டுகிறான். அளவுக்கு இரண்டு மடங்கு வெடிமருந்தைத் திணித்தால் எந்த இரும்பு தாங்கும்? நான் துப்பாக்கி செய்கிறவன். மூளை செய்கிறவன் அல்ல.

கடற்கொள்ளையர் பிடித்துப்போன அண்ணனைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.

9

காலையில் கொள்ளையர் கரையிறங்கினார்கள். மீனவர் குப்பம் முழுக்க எரிந்தது. அவர்கள் திரும்பக் கப்பலேறிய பிறகுதான் நம் சிப்பாய்கள் கோட்டைக் கதவையே திறந்தார்கள். ஆனாலும் மாலையில் சுவரில் தலைகள் தொங்கின. எல்லாம் ஜப்பான்காரன் மாதிரி உச்சி மழித்தவை. ஜப்பான் கொள்ளையன் தலைக்குத்தானே வெகுமதி.

அதில் ஒன்று தோஃபு விற்கும் லியாவ். நேற்றுதான் அவரிடம் வாங்கித் தின்றேன். முகம் வெயிலில் கறுத்தது, உச்சி மட்டும் வெள்ளை வெளேர். காதோரம் கத்திக் கீறல். கொன்றுவிட்டு மழித்திருக்கிறார்கள்.

ஃபாங்கிடம் நேராகவே சொன்னேன். "நெசமான ஜப்பான்காரனுக்கு உச்சியும் வெயில்ல காஞ்சு கறுத்திருக்கும். இது நம்ம லியாவ்."

"நீ குழலப் பாருடா. தலைய நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தான்.

14

அண்ணன் வந்துவிட்டான்! விடியலில் நீந்திவந்து, வடிகால் வழியாகப் பட்டறைக்குள் நுழைந்தான். உச்சி மழித்து, வெயிலில் கறுத்து.

"தப்பிச்சுப் போனா ஒங்க ஆளுங்களே வெட்டுவானுங்கன்னு சொல்லிச் சொல்லிச் செரச்சானுங்கடா தம்பி. அதுல பாதிப் பேரு நம்ம ஊர்க்காரப் பயலுங்க."

முடி வளரும்வரை கரிக்கிடங்கில் இருக்கட்டும்.

17

அண்ணன் உச்சியைத் தடவிப் பார்த்தேன். வெறும் முள். வளர்ந்து தொலையேன்!

20

மதியம் கரி எடுக்கப் போன பட்டறை ஆள் அண்ணனைப் பார்த்துவிட்டான். ஃபாங், குவோவோடு வந்து அண்ணனைப் பட்டறைக்குள் இழுத்துவந்தான்.

"எங்க அண்ணன், தளபதி! மீன் பிடிக்கிறவரு! குவோவையே கேளுங்க!"

குவோ தரையைப் பார்த்தான்.

"நீதானடா சொன்ன, உச்சி கறுத்திருக்கணும்னு? இந்தா, அசல்."

முதல் வெட்டு அண்ணன் தோளில் இறங்கியது. சோதனைக்கு வைத்த துப்பாக்கி மேசைமேல் இருந்தது, திரி கனன்றுகொண்டு. சரியான அளவு மருந்து. ஃபாங்குக்கு முகமே இல்லை.

குவோ கத்தவில்லை. கதவை விட்டு விலகி நின்றான்.

வடிகால் — படகு — என் செருப்பெல்லாம் அண்ணன் இரத்தம். எங்கே போவது? எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்கிற கப்பல் ஒன்றுதான்.

25

அண்ணன் கஞ்சி குடித்தான். காயத்தில் சீழ் இல்லை.

இந்தக் கொள்ளையர் கப்பலின் துப்பாக்கிகள் படுமட்டம். குழலின் பின்மூடியில் மரை பிடிப்பதே இல்லை. சரிசெய்து தருகிறேன் என்றேன்.

கோட்டையில் எந்தப் பக்கச் சுவர் மெலிசு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே கரித்துண்டை எடுத்து வரைந்து காட்டினேன்.